முன்கதைச் சுருக்கம் போதாது!

2019 ஏப்ரல் கடைசி வாரம். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முடியப்போகிறது. அரங்கு முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு அழுகிறார்கள். நானும் அழுகிறேன். பக்கத்து இருக்கையில் என் அக்கா மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, காதோரம் கேட்டாள்: “மாமா, எல்லாரும் ஏன் அழுறாங்க?”

அவளுக்குக் கதை தெரியாமல் இல்லை. தியேட்டருக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, அதுவரை வந்திருந்த இருபத்தோரு படங்களின் கதையையும் நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறு கற்கள், வில்லன் தானோஸ், ஒரே சொடக்கில் பாதி உயிர்கள் தூசாகிப் போனது என்று எதையும் விடவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகப் பதிலும் சொன்னாள். ஆனாலும் ‘அயர்ன் மேன்’ டோனி ஸ்டார்க் திரையில் கண்மூடியபோது, அவளுக்கு அவன் யாரோ ஒருவன்.

இந்த மே மாதம் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், பையை வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னாள்: “டிசம்பர்ல ‘டூம்ஸ்டே’ வருது மாமா. இந்தத் தடவை எனக்கும் அழுகை வரணும். எதெது பாக்கணும்னு சொல்லுங்க.”

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’ 2026 டிசம்பர் 18 அன்று வெளியாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். பாதியில் விட்டவர்களும், இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்பவர்களும் நம் வீடுகளில் நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவும்.

மலைக்க வைக்கும் கணக்கு

2008-ல் வந்த ‘அயர்ன் மேன்’ முதல் 2025 ஜூலையில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ வரை மார்வெல் ஸ்டுடியோஸின் தொடர்ச்சியில் 37 படங்கள். படத்துக்கு இரண்டு மணி நேரம் என்று குறைத்து வைத்தாலே 74 மணி நேரம். இதற்கு மேல் ‘வாண்டாவிஷன்’, ‘லோகி’ என்று ஓடிடி தொடர்கள். ‘டூம்ஸ்டே’யில் பழைய எக்ஸ்-மென் நடிகர்களும் வருகிறார்கள் என்பதால் அந்த வரிசையும் சேர்ந்துகொள்கிறது. வேலைக்குப் போகிற மனிதர் யாரும் இவ்வளவையும் பார்த்து முடிக்க முடியாது.

அதனால்தான் எல்லோரும் யூடியூபுக்குப் போகிறார்கள். “மொத்த மார்வெல் கதையும் இருபது நிமிடத்தில்” என்ற மாதிரி வீடியோக்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. உழைத்துத்தான் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால், நம் வாரப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்தச் சங்கதி பழக்கமானது. தொடர்கதையின் முப்பதாவது வாரத்தில் புத்தகத்தைக் கையில் எடுப்பவருக்காக மேலே கட்டம் கட்டி ‘முன்கதைச் சுருக்கம்’ போடுவோம். அதைப் படித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடும். முதல் வாரத்திலிருந்து காத்திருந்து படித்தவர் ஓரிடத்தில் கண் கலங்குவாரே, அது மட்டும் புதிதாக வந்தவருக்கு நடக்காது. பஸ்ஸில் நான் அக்கா மகளுக்குச் சொன்னது அப்படியொரு முன்கதைச் சுருக்கம்தான்.

ஆகவே என் முடிவு இது. 37 படங்களில் முக்கால்வாசியைத் தயங்காமல் விட்டுவிடலாம். பார்ப்பதென்று எடுத்துக்கொண்ட சில படங்களை மட்டும் தொடக்கம் முதல் கடைசி வரை, ஓட்டிவிடாமல் பார்க்க வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒன்பது. மொத்தம் ஏறத்தாழ இருபது மணி நேரம்.

ஒரு பர்கரும் பதினொரு வருடமும்

முதலில் ‘அயர்ன் மேன்’. இதை மட்டும் யாரும் விடக்கூடாது.

இந்தப் படம் வந்த நேரத்தில் மார்வெலின் நிலைமையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் ஒட்டும். காமிக்ஸ் விற்பனை சரிந்து 1996-ல் திவால் மனு போட்ட நிறுவனம் அது. ஸ்பைடர்மேன் சோனியிடமும், எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸிடமும் போய்விட்டார்கள். 2005-ல், மிச்சமிருந்த கதாபாத்திரங்களின் பட உரிமையை ஈடாக வைத்து 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்துகொண்டு சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார்கள். அந்தப் பணத்தில் வந்த முதல் படத்தின் நாயகன் ராபர்ட் டௌனி ஜூனியர், போதைப் பழக்கத்தால் சிறை வரை போய் மீண்டவர். அவரைப் போட ஸ்டுடியோவில் தயக்கம் இருந்தது. இயக்குநர் ஜான் ஃபேவ்ரூ விடாப்பிடியாக நின்றார்.

படத்தில் டோனி ஸ்டார்க் ஆயுத வியாபாரி. ஆப்கானிஸ்தானில் அவனுடைய கம்பெனி செய்த குண்டே அவன் நெஞ்சைத் துளைக்கிறது. குகைக்குள் சிறைப்பட்டவனை யின்சென் என்ற மருத்துவர் காப்பாற்றுகிறார். இரும்புத் துணுக்குகள் இதயத்தை எட்டாதபடி நெஞ்சில் ஒரு மின்காந்தம்; அதற்கு மின்சாரம் தர ஒரு கார் பேட்டரி. டோனி தப்பிக்க யின்சென் உயிரைக் கொடுக்கிறார். கிடைத்த வாழ்க்கையை வீணாக்கிவிடாதே என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறார். மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பும் டோனி முதலில் கேட்பது ஒரு சீஸ்பர்கர். பத்திரிகையாளர்களை அழைத்து, அவர்களையும் தரையில் உட்காரச் சொல்லி, பர்கரைக் கடித்தபடியே ஆயுதத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவிக்கிறான்.

2008-ல் அதைச் சின்னக் குறும்பு என்று சிரித்துவிட்டு நகர்ந்தோம். ‘எண்ட்கேம்’ கடைசியில், டோனியின் இறுதிச் சடங்கு முடிந்து அவன் குட்டி மகள் மார்கன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் நண்பர் ஹேப்பி, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார். சீஸ்பர்கர் என்கிறது குழந்தை. உன் அப்பாவுக்கும் அது பிடிக்கும், எத்தனை வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்கிறார் அவர். அந்த ஹேப்பியாக நடித்திருப்பவர் அதே ஜான் ஃபேவ்ரூ. அதற்குச் சற்று முன்பு, ஏரியில் மிதக்கவிடும் பூக்களின் நடுவே டோனியின் பழைய நெஞ்சுக்கருவி இருக்கும். அவனுக்கு இதயம் உண்டு என்பதற்கு இதுவே சான்று என்று அதைச் சுற்றிப் பொறித்து, பின்னாளில் மனைவியான பெப்பர் முதல் படத்தில் அவனுக்குப் பரிசாகக் கொடுத்தது அது.

ஏழு வருடம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் காட்சி வந்தது. டோனி சாகும்போது அக்கா மகள் இறுக்கமாக உட்கார்ந்திருந்தாள். பர்கர் என்று அந்தக் குழந்தை சொன்னதும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குகையிலேர்ந்து வந்ததும் கேப்பாரே, அதா மாமா?” என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடவிட்டாள்.

இரண்டாவது படம் ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’. 2011-ல் வந்தது. கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும் படம். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். புரூக்ளினைச் சேர்ந்த நோஞ்சான் பையன் ஸ்டீவ் ரோஜர்ஸ், பயிற்சி முகாமில் யாரோ எறிந்த கையெறி குண்டின் மேல் மற்றவர்களைக் காப்பாற்றப் பாய்ந்து படுக்கிறான். அது போலிக் குண்டு. அவனுக்கு அது தெரியாது. உடம்பில் பலம் ஏறுவதற்கு முன்பே ஆள் யார் என்று காட்டிவிடுகிறார்கள். விமானத்தோடு பனிக்கடலில் விழப்போகிற கடைசி நிமிடத்தில், ரேடியோவில் காதலி பெக்கியோடு நடனத்துக்கு நாள் குறிக்கிறான். அந்த நடனத்தைப் பார்க்க ‘எண்ட்கேமி’ன் கடைசிக் காட்சி வரை காத்திருக்க வேண்டும். ‘டூம்ஸ்டே’க்காக வந்த முதல் முன்னோட்டத்தில் ஸ்டீவ் கையில் குழந்தையோடு நிற்கிறார். அந்தச் சில நொடிகள் மனதைத் தொட வேண்டுமானால் ரேடியோவில் பேசிய அந்தப் பேச்சு நினைவில் இருக்க வேண்டும்.

பிறகு ‘சிவில் வார்’, ‘இன்ஃபினிட்டி வார்’, ‘எண்ட்கேம்’. மூன்றுமே ஆண்டனி ரூஸோ, ஜோ ரூஸோ சகோதரர்கள் இயக்கியவை. ‘டூம்ஸ்டே’யும் அவர்களுடையதுதான் என்பதால் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுவது நல்லது. ‘சிவில் வாரி’ல் விமான நிலையச் சண்டையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். படத்தின் உயிர் அதற்குப் பிறகு வருகிறது. தன் பெற்றோரைக் கொன்றது ஸ்டீவின் உயிர் நண்பன் பக்கி என்று டோனி ஒரு பழைய வீடியோவில் பார்க்கிறான். உனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்கிறான். ஸ்டீவ் கடைசியில் ஆமாம் என்கிறான். அங்கே பிளந்த வீடு தானோஸ் வரும்போதும் பிளந்தே கிடக்கிறது. தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே சகோதரர்களின் ‘தி வின்டர் சோல்ஜர்’ படத்தை ஒன்பதில் சேர்க்காதது எனக்கு வருத்தமே. கதையாக மார்வெலில் அதுதான் மிகச் சிறந்தது. நேரம் கிடைத்தால் பத்தாவதாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

செத்தவர் எப்படி வருகிறார்?

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது இடையில் வந்து உட்கார்ந்த அக்கா ஒரு கேள்வி கேட்டாள். “ஏண்டா, இந்த ஆளு செத்துட்டாருன்னுதானே அன்னிக்கு நீ கண்ணு செவந்து வந்து நின்ன? இப்ப வில்லனா அவரேதான் வர்றாராமே?”

நியாயமான கேள்வி. 2024 ஜூலையில் சான் டியாகோ காமிக்-கான் மேடையில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு நின்ற ஒருவர் முகமூடியைக் கழற்ற, உள்ளே ராபர்ட் டௌனி ஜூனியர். அவர் இனி நடிக்கப்போவது டோனி ஸ்டார்க்காக அல்ல, விக்டர் வான் டூமாக. டூம் இன்று நேற்று வந்த ஆள் இல்லை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-லேயே ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸின் ஐந்தாவது இதழில் கொண்டுவந்த பாத்திரம். லாட்வேரியா என்ற கற்பனை நாட்டை ஆள்பவன், விஞ்ஞானி, மந்திரமும் தெரிந்தவன்.

“அப்ப எம்.ஜி.ஆர். ரெட்டை வேஷம் மாதிரின்னு சொல்லு” என்றாள் அக்கா. இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதே முகம் எதற்கு என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து ஸ்டீவும் தோரும் என்ன ஆவார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

முதலில் திட்டமிட்டது வேறு. காங் என்ற வில்லனை வைத்து ‘தி காங் டைனஸ்டி’ என்ற பெயரில்தான் அடுத்த அவெஞ்சர்ஸ் அறிவிக்கப்பட்டது. அந்த வேடத்தில் நடித்தவர் ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டு 2023 டிசம்பரில் நீக்கப்பட்டார். கதையும் கைவிடப்பட்டது. ஆகவே காங்குக்காகவே எடுத்த ‘குவாண்டமேனியா’வை நீங்கள் மனசாட்சி உறுத்தாமல் விடலாம். ‘எடர்னல்ஸ்’, ‘தி மார்வெல்ஸ்’ இரண்டுக்கும் இதே தீர்ப்பு. ‘தோர்: லவ் அண்ட் தண்டர்’ பலவீனமான படம். அதன் முடிவில் தோருக்கு ஒரு வளர்ப்பு மகள் கிடைக்கிறாள் என்பது தெரிந்தால் போதும். ‘டூம்ஸ்டே’ முன்னோட்டம் ஒன்றில் அந்த மகளிடம் திரும்பிப் போக வேண்டும் என்றுதான் அவர் வேண்டிக்கொள்கிறார்.

இணை உலகங்கள் என்ற சமாச்சாரம் பலரைப் பயமுறுத்துகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்: பூமிகள் பல, ஒரு பூமியில் செத்தவர் இன்னொன்றில் இருக்கலாம், இரண்டு உலகங்கள் மோதிக்கொண்டால் ஒன்றாவது அழியும். இதை நிதானமாகப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு ‘லோகி’ தொடரின் பன்னிரண்டு பகுதிகள் இருக்கின்றன. மார்வெல் தொடர்களில் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் அதைத்தான் பார்ப்பேன். தமையன் தோரைப் பார்த்துப் பொறாமையில் வெந்த ஒருவன், கடைசியில் யாருமற்ற இடத்தில் தனியாக உட்கார்ந்து எல்லா உலகங்களையும் தாங்கிப் பிடிக்கிறான்.

சதுரங்கம் ஆடும் இரண்டு கிழவர்கள்

எக்ஸ்-மென் வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிட்டு, காலக்கோட்டைச் சரிபார்த்தே களைத்துப்போனவர்களை எனக்குத் தெரியும். படத்துக்குப் படம் முரண்கள். அதை நேர்செய்யப் பார்க்காதீர்கள். இரண்டு படம் போதும்.

2000-ல் வந்த முதல் ‘எக்ஸ்-மென்’. 1944 போலந்தில், நாஜிகளின் முகாம் வாசலில் மழையில் தொடங்குகிறது. தாயிடமிருந்து பிரித்து இழுத்துப்போகும்போது ஒரு யூதச் சிறுவன் கதறிக் கை நீட்ட, இரும்புக் கதவு வளைகிறது. அவன்தான் மேக்னீட்டோ. சக மனிதர்கள் தங்களிலிருந்து வேறுபட்டவர்களை என்ன செய்வார்கள் என்று கண்ணால் பார்த்தவன். இப்படிச் சக்தி படைத்தவர்களும் மனிதர்களோடு வாழ முடியும் என்று நம்பும் பேராசிரியர் சேவியர், அவனுடைய பழைய நண்பர். படத்தின் முடிவில், இரும்பே இல்லாத பிளாஸ்டிக் சிறையில் இருவரும் பிளாஸ்டிக் காய்களை வைத்துச் சதுரங்கம் ஆடுவார்கள். பகையும் நட்பும் ஒரே மேசையில். இயன் மெக்கெல்லனும் பாட்ரிக் ஸ்டூவர்ட்டும் நாடக மேடையில் பழுத்தவர்கள். அந்தக் காட்சியில் குரலை உயர்த்தாமலே மிரட்டுவார்கள்.

மெக்கெல்லன் 1939-ல் பிறந்தவர், ஸ்டூவர்ட் 1940-ல். ‘டூம்ஸ்டே’யின் முன்னோட்டம் ஒன்றில் அதே இருவர் மறுபடி சதுரங்கப் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருபத்தைந்து வருடச் சுருக்கங்கள் முகத்தில். இந்த இருவரையும் இப்படி இன்னொரு முறை பார்க்கக் கிடைக்குமா தெரியாது. எனக்கு இந்தப் படத்துக்குப் போக அந்த ஒரு காட்சியே போதுமான காரணம்.

2019 மார்ச்சில் டிஸ்னி ஏழாயிரம் கோடி டாலருக்கு மேல் கொடுத்து ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்கியது. முன்பு வேறு வீட்டுக்குப் போன பிள்ளைகள் அதனால்தான் திரும்ப வர முடிந்தது. இரண்டாவது படமாக, 2014-ல் வந்த ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ பாருங்கள். முதிய சேவியரும் இளைய சேவியரும் ஒருவரோடொருவர் பேசும் இடம் அதில் இருக்கிறது. நம்பிக்கை இழந்து கிடக்கும் இளையவரிடம் முதியவர் கேட்பது ஒன்றே ஒன்று: மறுபடி நம்பு.

‘லோகன்’ இந்தக் கணக்கில் சேராது; ‘டூம்ஸ்டே’க்கு அது தேவையும் இல்லை. ஆனால் சூப்பர்ஹீரோ படம் என்றால் முகம் சுளிக்கும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவருக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள். வயதான ஒரு மனிதரைக் கடைசிக் காலத்தில் தூக்கிச் சுமப்பது எப்படி இருக்கும் என்று சொல்லும் படம் அது. ரத்தம் அதிகம் என்பதால் சிறுவர்களோடு வேண்டாம்.

கடைசி இரண்டு படங்களும் 2025-ல் வந்தவை. ‘தண்டர்போல்ட்ஸ்’ மனச்சோர்வைப் பற்றி நேர்மையாகப் பேசும் படம். எதிராளியை அடித்து வீழ்த்தாமல் கட்டிப்பிடித்து மீட்கிறார்கள். ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தில், பூமியை விட்டுவிடுகிறேன், உன் பிள்ளையைக் கொடு என்று வில்லன் கேலக்டஸ் கேட்கிறான், தாய் மறுக்கிறாள். அது முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளை, நான்கு வயது ஃப்ராங்க்ளின் அருகே பச்சை அங்கி அணிந்த ஒருவன் மண்டியிட்டிருப்பான். இரும்பு முகமூடி கையில் இருக்கும். முகம் நமக்குத் தெரியாது. ‘டூம்ஸ்டே’யின் வாசல் அதுதான்.

தமிழிலா, ஆங்கிலத்திலா என்று கேட்கிறார்கள். குழந்தைகளோடு பார்த்தால் தமிழில் பாருங்கள். வசனத்துக்குப் பின்னால் ஓடாமல் முகங்களைப் பார்ப்பார்கள். ஒன்றுதான் உறுத்தும். ‘எண்ட்கேம்’ தமிழில் ஏ.ஆர்.முருகதாஸ் வசனத்தில், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். சேதுபதி எனக்கு மிகவும் பிடித்த நடிகர். ஆனால் வருடக்கணக்காக வேறு குரலில் பழகிய டோனி, சாகப்போகிற படத்தில் குரல் மாறி வந்து நின்றபோது ரசிகர்கள் வருத்தப்பட்டது சரியே. ‘டூம்ஸ்டே’யைத் தமிழில் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரபலமான குரலை விடப் பழகிய குரல் முக்கியம். ஸ்டீவுக்கும் தோருக்கும் அந்தப் பழைய டப்பிங் கலைஞர்களையே அழையுங்கள்.

வாசகர்களுக்கு: வாரத்துக்கு ஒரு படம் என்றால் ஒன்பது வாரம். அக்டோபர் நடுவில் தொடங்கினாலும் டிசம்பர் 18-க்குள் முடித்துவிடலாம். வெளியான வரிசையிலேயே பார்த்தால் எக்ஸ்-மென் படங்கள் இரண்டும் முன்னால் வந்துவிடும். அவற்றைத் தனியாக எடுத்து ‘எண்ட்கேமு’க்குப் பிறகு வையுங்கள். வரும் சனிக்கிழமை இரவு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து ‘அயர்ன் மேன்’ போடுங்கள். 2 மணி 6 நிமிடம்.